கஷ்டப்படுற குடும்பத்துல நாம தலையிடலாமா? தலையிட்டா எந்தப் பக்கத்தால?

ஒண்ணா படிச்ச முப்பது பேர் மாதிரி சேர்ந்து மாசம் ஆளுக்கு ரெண்டாயிரம் போடுறோம், கிட்டத்தட்ட 60,000 சேருது, அத கொழும்புல முகத்துவாரம் கிராண்ட்பாஸ் பக்கம் இருக்கிற மூணு குடும்பத்துக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல இப்ப ஒரே சண்டை. ஒரு கோஷ்டி சாமான் வாங்கிக் குடுப்போம்ங்குது, இன்னொரு கோஷ்டி காசாவே போடுவோம்ங்குது, ஒருத்தர் தையல் மெஷின் தவிர வேற எதுக்கும் ஒத்துக்க மாட்டேன்னு நிக்கிறார், ரெண்டு அக்காமார் பிள்ளைகள ஹொஸ்டல்ல சேர்த்துவிடுவோம் அதுகளாவது தப்பிக்கட்டும்னு சொல்றாங்க, கடைசியில எப்பவும் வாயே திறக்காத ஒரு அண்ணா வந்து "அடுத்தவன் வீட்டு விஷயத்துல நாம ஏன் மூக்க நுழைக்கணும்"னு ஒரு வொய்ஸ் நோட் போட்டுட்டுப் போயிட்டார், அதுக்குப் பிறகுதான் சண்டை சூடு பிடிச்சதே. குரூப்ல துண்டு துண்டா டைப் பண்ணி இதக் கதைக்க ஏலாது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுப் பார்க்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கு, அத மறைக்கப் போறதும் இல்ல.

முதல்ல அந்த அண்ணாவோட கட்சி, ஏன்னா கேட்கிறதுக்கு அதுதான் மரியாதையானது. ஏழையா இருந்தாலும் ரோஷம் இருக்கு, வெளியாள் வந்து அடுப்படிய எட்டிப் பார்க்கக் கூடாது, சரி. ஆனா அவங்க வீட்டுக்குள்ள இதுவரைக்கும் யாரும் வந்ததே இல்லங்கிற மாதிரி இல்ல அவர் கதைக்கிறார். 2013ல அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டு, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பொம்பளைகளுக்கு குடும்பப் பின்னணி அறிக்கை வேணும், அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா போகவே ஏலாதுன்னு ஆக்கிச்சு. ஆம்பளைக்கு அப்படி ஒரு அறிக்கையும் இல்ல. வெள்ளவத்தையில இருந்து கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போற அம்மாகிட்ட யாரும் போய் கடைசிப் பிள்ளைக்கு எத்தன வயசுன்னு கேட்டதும் இல்ல. நாட்டுல டொலர் இல்லாமப் போன 2022லதான் அதத் தளர்த்தினாங்க, பிள்ளைகள் மேல இருந்த அக்கறை அப்ப எங்க போச்சுன்னு தெரியல. 2010ல நகர அபிவிருத்தி அதிகார சபைய பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ கொண்டு போனாங்க, அதே வருஷம் மே மாசம் கொம்பனித்தெரு மியூஸ் ஸ்ட்ரீட்ல வீடுகள் இடிபட்டுச்சு. 2023 டிசம்பர்ல யுக்தியன்னு போதைப்பொருளுக்கு எதிரா ஒரு பொலிஸ் வேட்டை தொடங்கினாங்க, அது பணக்காரர் இருக்கிற கொழும்பு 7ல கேட்டுக்கு கேட் போய்த் தட்டினதா நான் கேள்விப்படல, தட்டினதெல்லாம் வத்தப் பக்கம்தான், அதாவது ஏழைகள் நெருக்கமா இருக்கிற குடியிருப்புகள் பக்கம். இதெல்லாம் போக நாளுக்கு நாள் வாசல்ல வந்து நிக்கிற வட்டிக்காரன் வேற. ஆக தலையிடாம இருக்கிறதுங்கிற தெரிவே அந்த மூணு குடும்பத்துக்கும் இல்ல, எல்லாரும் ஏற்கனவே உள்ளுக்குப் போயாச்சு, உதவி செய்யப் போறவங்க மட்டும்தான் செருப்ப வெளிய கழட்டி வெச்சிட்டு "வரலாமா"ன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

அந்த அண்ணா சொல்றதுல ஒரு பாதி எனக்குப் பிடிச்சிருக்கு, அத கடைசியில எடுக்கிறேன்.

மூணு குடும்பத்துல ஒண்ண மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், இல்லன்னா நாம எல்லாரும் ஏழைங்கிற ஒரு சொல்ல வெச்சுக்கிட்டு கதை அளந்துக்கிட்டே இருப்போம். அம்மா வெள்ளவத்தைப் பக்கம் ரெண்டு ஃபிளாட்ல வீட்டு வேலை, அப்பா புறக்கோட்டையில மூட்டை சுமக்கிற நாட்டாமை, முதுகு போயிட்டுது, அதால வாரத்துல மூணு நாள் லோட் இழுத்தாலே பெரிய விஷயம், பிள்ளைகள் மூணு. ஒரு அறைக்கு வாடகை 18,000. கரண்ட் வீட்டுக்காரரோட மீட்டர்ல இருந்து இழுத்தது, பில்ல கண்ணால பார்த்ததில்ல, அவர் சொல்ற தொகைதான் தொகை. சீனி 250 கிராம் பெக்கெட், தேங்காயெண்ணெய் சின்னப் போத்தல்ல அளந்து, பால்மா இருக்கிறதுலயே சின்னப் பெக்கெட், எல்லாமே சின்னதா வாங்குறதால கிலோ கணக்குப் பார்த்தா நம்மள விட கூடத்தான் குடுக்கிறாங்க. கடைக் கொப்பியில கடன். அது போதாதுன்னு நாள் கடன், 10,000 எடுத்தா ஒரு நாளைக்கு 400 படி முப்பது நாள், அதாவது 12,000 திருப்பிக் குடுக்கணும், மாசத்துக்கு இருபது வீதம். நம்ம குரூப்ல கிரெடிட் காட் வட்டி 26 வீதம்னு அழுறவங்க இருக்காங்க, அது வருஷத்துக்கு.

இந்த அம்மா ஏன் சேர்த்து வெச்சு அஞ்சு கிலோவா வாங்குறதில்ல, ஏன் பிளான் பண்ணுறதில்லன்னு ஒருத்தர் கேட்டார். 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, தமிழ்நாட்டுல கரும்பு விவசாயிகள வெச்சு செஞ்சது. அவங்களுக்கு காசு வர்றது வருஷத்துல ஒருக்கா, அறுவடை முடிஞ்ச பிறகு. அதே ஆள அறுவடைக்கு முந்தி கையில காசில்லாத நேரத்துல ஒருக்கா, காசு வந்த பிறகு இன்னொருக்கா, யோசிக்கிற திறமைய அளக்கிற டெஸ்ட் செய்ய வெச்சாங்க. காசில்லாத நேரத்துல அதே மனுஷன் மோசமா செஞ்சார். புத்தி ஒண்ணுதான், ஆனா பாதிப் புத்தி இன்னைக்கு யாருக்கு என்ன குடுக்கணும்ங்கிற கணக்குலயே போயிடுது. அதனால "முதல்ல அவங்க பிளான் பண்ணப் பழகட்டும், பிறகு உதவி செய்வோம்"ங்கிற பேச்ச நான் ஏத்துக்க மாட்டேன், வரிசை தலைகீழா இருக்கு.

இனி தெரிவுகளுக்கு வருவோம். உலர் உணவுப் பொதி. அரிசி, பருப்பு, சீனி, மா, டின் மீன், ஒரு பேக்ல போட்டு, சங்கத்துப் பேர் அடிச்ச ஸ்டிக்கர் ஒட்டி, போட்டோ எடுத்து. 2022ல இது சரிதான், செப்டம்பர்ல கொழும்புல சாப்பாட்டுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போச்சு, காசக் குடுத்தாலும் முந்தின வருஷம் அதுக்கு வாங்கினதுல பாதிச் சாமான்தான் வரும், அப்ப சாமானாவே குடுத்தவங்க செஞ்சது நியாயம். இப்ப அப்படி இல்ல, கடையில சாமான் இருக்கு, வாங்க காசுதான் இல்ல. பருப்பு நாலு கிலோ குடுத்தா அத வெச்சு வாடகை கட்ட ஏலாது, கடைசியில பக்கத்துக் கடைக்கே குறைஞ்ச விலைக்குப் போகும். அதோட குடுக்கிற விதம். 2020 மே மாசம், நோன்பு காலம், கொரோனா நேரம், மாளிகாவத்தையில ஒரு வீட்டுல காசு குடுக்கிறாங்கன்னு சனம் முண்டியடிச்சு மூணு பொம்பளைகள் நெரிசல்ல செத்துப் போனாங்க. குடுத்தவர் நல்ல மனசோடதான் குடுத்திருப்பார். ஆனா வரிசையில நிக்க வெச்சுக் குடுக்கிறதுல ஒரு ஆபத்து எப்பவும் இருக்கு, உயிர் போகாட்டியும் முகம் போகுது. அந்த அம்மாவோட மூத்த பிள்ளை பத்தாம் வகுப்பு, அவ பேக் வாங்குற போட்டோ பேஸ்புக்ல வந்தா வகுப்புல என்ன கதைப்பாங்கன்னு நம்ம பிள்ளைகள்கிட்ட கேட்டுப் பாருங்க.

ஹொஸ்டல் விஷயம். இதுக்குத்தான் நான் கூட நேரம் எடுக்கப் போறேன், ஏன்னா சொன்ன ரெண்டு அக்காமாரும் மனசு நிறைய பாசத்தோடதான் சொன்னாங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அவங்க வாதம் இது: அப்பா குடிக்கிறார், அறை ஒண்ணுதான், படிக்க லைட் இல்ல, வத்தையில ஐஸ், குடுன்னு போதைப்பொருள் ஓடுது, பொம்பளப் பிள்ளை பெரிசாகுது, இந்த இடத்துல இருந்து வெளிய எடுத்தாத்தான் ஒண்ணாவது உருப்படும். ஒவ்வொண்ணும் உண்மை. ஆனா இலங்கையில சிறுவர் இல்லங்கள்ல இருக்கிற பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க அனாதை இல்ல, அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்கிற பிள்ளைகள், அங்க வந்து சேர்றதுக்கு ஒரு பெரிய காரணம் வறுமை. அதாவது அம்மாவுக்குக் குடுக்காத காச இல்லத்துக்குக் குடுத்து அதே பிள்ளைய அம்மா இல்லாம வளர்க்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஹொஸ்டல்ல சாப்பாடு, உடுப்பு, வோடனுக்கு சம்பளம், கட்டடம்னு போற காச எண்ணிப் பாருங்க, அத வீட்டுக்குக் குடுத்தா மூணு பிள்ளையும் சேர்த்து சாப்பிடும், அம்மா மடியிலயே தூங்கும்.

இதுக்கு இன்னொரு முகமும் இருக்கு. பிள்ளைய "நல்ல இடத்துல" விடுறதுங்கிறது நம்ம சமூகத்துக்குப் புதுசில்ல, மலையகத்துல இருந்து கொழும்பு வீடுகளுக்கு எத்தன பிள்ளைகள் அப்படித்தான் வந்து சேர்ந்துச்சு, பெரிய வீடு, மூணு வேளை சாப்பாடு, படிக்கவும் வைப்பாங்கன்னு. 2021 ஜூலைல அப்படி வந்த 16 வயசுப் பிள்ளை ஒண்ணு எரிகாயத்தோட கொழும்பு ஹொஸ்பிடல்ல செத்தப்ப நாம எல்லாரும் புரொபைல் பிக்சர் மாத்தினோம், ஹட்டன்லயும் யாழ்ப்பாணத்துலயும் ஊர்வலம் போச்சு. அந்தக் குடும்பத்துக்கு ஊர்லயே மாசம் ஒரு தொகை வந்திருந்தா அந்தப் பிள்ளை பஸ் ஏறியிருக்குமான்னு அன்னைக்கு யாரும் கேட்டதா ஞாபகம் இல்ல. ஹொஸ்டலும் வீட்டு வேலையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, அக்காமார் கோவிக்க வேணாம். வறுமைய காரணம் காட்டி பிள்ளைய வீட்ட விட்டு எடுக்கிறதுதான் ரெண்டுக்கும் பொது, அதுக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அடி, துஷ்பிரயோகம் இருந்தா அது வேற கதை. அங்க குரூப்ல ஓட்டெடுப்பு நடத்திக்கிட்டு இருக்கக் கூடாது, உடனே 1929க்கு கோல் எடுக்கணும், 1998ல சட்டம் போட்டு உண்டாக்கின சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர் அது. ஆனா அதுக்கும் காசில்லாததுக்கும் வித்தியாசம் தெரியணும். பிள்ளைக்கு சப்பாத்து இல்ல, தலையில பேன், மதியம் சாப்பாடு கொண்டு வர்றதில்ல, இதெல்லாம் கவனிக்காம விட்டதுன்னு எழுதுறது லேசு. அதுல பாதி, ஒரு மாச வாடகையில தீர்ற விஷயம்.

தையல் மெஷின். இந்த நாட்டுலயே இதப் பரிசோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2005ல களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்கள்ல சின்னத் தொழில் செய்றவங்களுக்கு குலுக்கல் முறையில 10,000 இல்லன்னா 20,000 ரூபா, சிலருக்கு காசா, சிலருக்கு சாமானா குடுத்து என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. ஆம்பளைகள் நடத்தின தொழில்ல மாச லாபம் நல்லா ஏறிச்சு, பொம்பளைகள் நடத்தினதுல சராசரியா ஏறவே இல்ல. பொம்பளைக்கு யாவாரம் வராதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வீட்டுல அஞ்சு வாய் இருக்கிற அம்மா கையில முதல் வந்தா அது முதலாவே நிக்காதுன்னுதான் நான் இத எடுத்துக்கிறேன். சரி, மெஷின வாங்கிக் குடுத்தோம்னே வெச்சுக்குவோம், பத்துக்குப் பத்து அறையில எங்க வைக்கிறது, பகல்ல ஃபிளாட் வேலைக்குப் போற ஆள் எப்ப தைக்கிறது, தைச்ச சட்டைய புறக்கோட்டையில கும்பி கும்பியா விக்கிற விலைக்கு யார் வாங்குறது? எங்கட சங்கங்களுக்கு தையல் மெஷின் மேல ஏன் இந்தக் காதல்னு எனக்கு விளங்கினதே இல்ல, ரிப்பன் கட்டிக் குடுக்க லேசா இருக்கிறதாலயோ என்னமோ.

அதுக்குப் பக்கத்துல வர்றது சுயதொழில் கடன். இதுல நீளமா எழுத ஒண்ணுமில்ல. நுண்கடன் கம்பனிகள் கிராமம் கிராமமா பொம்பளைகளுக்கு என்ன செஞ்சுதுன்னு நாடே பார்த்துச்சு, 2018ல அரசாங்கமே தலையிட்டு வறட்சி வந்த 12 மாவட்டங்கள்ல பொம்பளைகள் கட்ட ஏலாமக் கிடந்த ஒரு லட்சம் வரைக்குமான கடன்கள தள்ளுபடி செய்ய வேண்டி வந்துச்சு, வட்டிக்கு 35 வீதம்னு உச்சவரம்பு போட வேண்டி வந்துச்சு, அப்படியும் 2021ல ஹிங்குராக்கொடையில பொம்பளைகள் சத்தியாக்கிரகம் இருந்தாங்க. நாள் கடன்ல மூழ்கியிருக்கிற வீட்டுக்கு இன்னொரு கடன், வட்டி இல்லன்னாலும், வேணாம். முடிஞ்சது.

வீடு. முப்பது பேர் சேர்ந்து வீடு கட்டிக் குடுக்க ஏலாது, ஆனா ஒருத்தர் "அவங்களுக்கு மாடி வீடு குடுத்தாச்சே, பிறகென்ன"ன்னு கேட்டதால ஒரு வார்த்தை. நம்ம மூணுல ஒரு குடும்பம் அப்படி மாடிக்குப் போனதுதான். முந்தி வாசல்லயே தோசை சுட்டு வித்த அம்மா, இப்ப ஒன்பதாம் மாடி, அங்க ஏறி வந்து தோசை வாங்க யாரும் இல்ல, லிஃப்ட் வேலை செய்யாத நாள்ல மாமியார கிளினிக்குக்கு இறக்க ஏலாது, ஆனா மாசாமாசம் தவணை மட்டும் தவறாம வருது. 1984ல, அப்ப பிரதமரா இருந்த பிரேமதாச தொடங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டத்துல சின்னத் தொகை கடன் குடுத்து, வத்தை வத்தையா சபை அமைச்சு, சனத்தையே இருந்த இடத்துல அவங்கவங்க வீட்டக் கட்ட விட்டாங்க. அவர்ல குறை சொல்ல ஆயிரம் இருக்கு, ஆனா எந்த மூலையில அடுப்பு வைக்கிறதுன்னு அவர் வந்து சொல்லல. மாடி வீட்டுல குழாய்த் தண்ணியும் சொந்தக் கக்கூசும் இருக்குதுதான், அது சின்ன விஷயமில்ல, அந்த அம்மாவே அதச் சொல்றாங்க. வாழ்க்கைய எப்படி நடத்தினோம்னு மட்டும் யாரும் அவங்ககிட்ட கேட்கல.

இப்ப காசு. அரசாங்கம் ஏற்கனவே குடுக்குதே, அஸ்வெசுமன்னு கேட்பீங்க. 1989ல ஜனசவிய, 95ல சமுர்த்தி, 2023 ஜூலைல இருந்து அஸ்வெசும. சமுர்த்தியில கட்சிக்காரனுக்கு முதல்ல, போதாததுக்குக் குடுக்கிற காசுல ஒரு பகுதிய கட்டாய சேமிப்புன்னு பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அஸ்வெசும அந்த விதத்துல நல்லது, நேரா பேங்க் அக்கவுண்டுக்கு வருது, யாரையும் கும்பிட வேண்டியதில்ல. 2025ல இருந்து வறிய குடும்பத்துக்கு 10,000, அதிவறிய குடும்பத்துக்கு 17,500. ஆனா இது குடும்பத்துக்கு, ஆளுக்கு இல்ல. ரெண்டு பேர் இருந்தாலும் அதே, ஏழு பேர் இருந்தாலும் அதே. அரசாங்கத்தோட வறுமைக்கோடே ஒரு ஆளுக்கு மாசம் 16,000 ரூபாயத் தாண்டி நிக்குது, கொழும்பு மாவட்டத்துக்கு அது மத்த எல்லா மாவட்டத்தையும் விட கூட, அஞ்சு பேருக்குப் பெருக்கினா 80,000க்கு மேல, அதுக்குள்ள 10,000ங்கிறது வாடகைக்கே காணாது. யாருக்குன்னு தெரிவு செய்ய 22 அளவுகோல் வெச்சிருக்காங்க, படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்புன்னு. கொழும்பு ஏழைக்கு இதுல ஒரு சிக்கல், கல்லுச் சுவர் இருக்கு, கரண்ட் இருக்கு, குழாய்த் தண்ணி இருக்கு, பேப்பர்ல பார்த்தா நல்லா இருக்கிற ஆள் மாதிரியே தெரியும். 2019 கணக்குல வறுமை முல்லைத்தீவுல 44.5 வீதம், கொழும்புல 2.3 வீதம்னு வந்ததப் பார்த்துட்டு கொழும்புல ஏழையே இல்லன்னு முடிவு கட்டினவங்களும் இருக்காங்க. அதுக்குப் பிறகு என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், உலக வங்கிக் கணக்குல நாடு முழுக்க 11.3 வீதமா இருந்தது 2023ல 25.9க்குப் போச்சு.

காசக் குடுத்தா குடிச்சிருவாங்கங்கிற பயம் நம்ம குரூப்ல மட்டும் இல்ல, உலகம் முழுக்க இருக்கு. 2014ல உலக வங்கி ஆய்வாளர்கள் ரெண்டு பேர் பல நாடுகள்ல செஞ்ச ஆய்வுகளச் சேர்த்து வெச்சுப் பார்த்தாங்க, காசு குடுத்ததால சாராயம் சிகரெட் செலவு கூடினதாத் தெரியல. மெக்சிக்கோ 1997லயும் பிரேசில் 2003லயும் தொடங்கின பெரிய திட்டங்கள்ல காச அம்மா கையிலதான் குடுத்தாங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும், கிளினிக்குக்குக் கொண்டு போகணும்னு நிபந்தனையோட. நம்மளும் நிபந்தனை போடுவோம்னு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு விருப்பமில்ல. அந்த வீட்டுல மூணு பிள்ளையும் ஸ்கூல் போகுது, போகாத நாள் பஸ்ஸுக்குக் காசில்லாத நாள். வரவுப் பதிவு காட்டினாத்தான் காசுன்னா, காசில்லாததால போகாத நாளுக்குத் தண்டனையா காச வெட்டுவோம், அது எந்த ஊர் நியாயம்? அப்பா குடிக்கிற வீட்டுல அம்மா பேர்ல அக்கவுண்ட், ஏடிஎம் காட் அம்மா கையில, அவ்வளவுதான் நிபந்தனை. அப்படியும் பிடுங்குவான்னா அதுக்குத்தான் ஆள் வேணும்ங்கிறேன், அது அடுத்தது.

கூட நிக்கிற ஒரு ஆள். குரூப்ல யாருமே சொல்லாத தெரிவு இதுதான், ஏன்னா இதுக்கு சனிக்கிழமை போகும். நான் பார்த்த மட்டும் அந்த அம்மாவ கட்டிப்போட்டிருக்கிறது பாதி காசு, பாதி கடதாசி. ரெண்டாவது பிள்ளைக்கு பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் எழுத்துப் பிழை, அடையாள அட்டையில ஒரு மாதிரி, இதுல இன்னொரு மாதிரி. இருக்கிற விலாசத்துக்கு கடிதம் குடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டா வரி, வாக்காளர் பதிவுன்னு ஏதோ பயத்துல மாட்டேங்கிறார், அது இல்லாம கிராம சேவகர் பதிய மாட்டேங்கிறார், அவர் பதியாம அஸ்வெசுமக்கு அப்பீல் இல்ல. மெத்தைக்குக் கீழ ஒரு சிலுசிலு பேக்குல எல்லாக் கடதாசியும் சுத்தி வெச்சிருக்காங்க, அதுல பிரிக்காத கவர் ஒண்ணு. சிங்களத்துல வந்திருந்த கடிதம். என்ன எழுதியிருக்குன்னு கேட்கப் போனா யாராவது வீட்டு விஷயத்தத் தெரிஞ்சுக்குவாங்கன்னு கேட்காமலே விட்டிருக்காங்க. பிரிச்சு வாசிச்சா பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு கொப்பி எடுத்துக்கிட்டு பிரதேச செயலகத்துக்கு வாங்கன்னுதான், தேதி எப்பவோ போயிட்டுது. 1987ல 13ஆம் திருத்தத்துல தமிழும் ஆட்சிமொழின்னு எழுதியாச்சு, அந்தக் கவர் போட்ட மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரல.

ஆள் மட்டும் அனுப்பினா போதுமான்னா, போதாது. இங்கிலாந்துல 2011 கலவரத்துக்குப் பிறகு பிரச்சினையான குடும்பங்கள்னு 1,20,000 குடும்பத்தக் கணக்கெடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அலுவலர விட்டு திருத்தப் பார்த்தாங்க, திருந்தின குடும்பக் கணக்குக் காட்டினா உள்ளூர் சபைக்குக் காசு. சபைகள் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் திருந்திட்டுதுன்னு கணக்குக் காட்டிச்சு, 2016ல வந்த மதிப்பீடு குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி பலன் எதுவும் தெரியலன்னு சொல்லிருச்சு. இந்தப் பக்கம் பங்களாதேஷ்ல பிராக்ங்கிற தொண்டு நிறுவனம் 2002ல தொடங்கினது வேற மாதிரி, ரொம்ப ஏழையான வீட்டுக்கு மாடோ ஆடோ ஒரு சொத்து, கொஞ்ச காலத்துக்கு கைச்செலவுக்குக் காசு, கூடவே வாராவாரம் வந்து பார்க்கிற ஒரு ஆள், ரெண்டு வருஷத்துக்கு. அதே முறைய இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, பெரு, ஹொண்டுராஸ்னு ஆறு நாட்டுல செஞ்சு பார்த்த ஆய்வு 2015ல வந்துச்சு, மொத்தத்துல பார்த்தா உதவி முடிஞ்ச பிறகும் ஒரு வருஷம் தாண்டி முன்னேற்றம் நிலைச்சிருந்துச்சு, ஹொண்டுராஸ்ல மட்டும் பலர் கோழி எடுத்தாங்க, நோய் வந்து கோழி செத்துட்டுது. கேரளா 2021ல இருந்து செஞ்சது நமக்கு இன்னும் கிட்ட, 64,006 குடும்பத்த வீடு வீடாப் போய்க் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம், நிறையப் பேருக்கு முதல்ல குடுத்ததே ரேஷன் காட், ஆதார் மாதிரி கடதாசிகள்தான். 2025 நவம்பர் 1ல அதிவறுமை முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க. அது அரசியல் விளம்பரம்னு அங்கயே சண்டை போட்ட பொருளாதாரக்காரங்களும் இருக்காங்க, அறிவிப்ப விடுங்க, கடதாசிய முதல்ல குடுத்தது சரின்னுதான் எனக்குப் படுது.

அதால நான் சொல்றது இது. 60,000ல மூணு அம்மாமார் அக்கவுண்டுக்கும் மாசம் 15,000 படி, ஒவ்வொரு மாசமும் ஒரே தேதியில, ரெண்டு வருஷத்துக்கு. தேதி முக்கியம், எப்ப வரும்னு தெரிஞ்சாத்தான் வாடகைக்குச் சொல்லி வைக்க ஏலும், நாள் கடன்காரன்கிட்ட போகாம இருக்க ஏலும். மிச்சம் 15,000 பொதுவா இருக்கட்டும், சத்தியக்கடதாசி, போட்டோகொப்பி, ஓட்டோ, ஒரு நாள் வேலை இழந்தா அதுக்கு, திடீர்னு வர்ற மருந்துக்கு. முதல் மாசம் மட்டும் அதுல இருந்து நாள் கடன அடைச்சு விடலாம், திரும்ப எடுப்பாங்கன்னு சிலர் சொல்லுவீங்க, எடுக்கலாம், அதுக்காக இருபது வீதத்துல விட்டு வைக்க ஏலாது. குடும்பத்துக்கு ரெண்டு பேர், அதுல ஒருத்தருக்கு சிங்களம் எழுத வாசிக்கத் தெரியணும். அஸ்வெசும கிடைச்சா நம்ம காச வெட்டக் கூடாது, வெட்டினா கிடைச்சதச் சொல்ல மாட்டாங்க, சொன்னதுக்குத் தண்டனையா ஆயிடும். பில் கேட்கிறதில்ல, போட்டோ இல்ல, நன்றிக் கூட்டம் இல்ல. அந்த அம்மா 15,000ல மகளுக்கு பிறந்தநாள் கேக் வாங்கினா அது அவங்க கேக், குரூப்ல வந்து அதுக்கு ஒரு கதை எழுதக் கூடாது. வொய்ஸ் நோட் அண்ணா சொன்னதுல எனக்குப் பிடிச்ச பாதி இதுதான், கதவுக்கு அங்கால என்ன சமைக்கிறாங்கன்னு பார்க்கிறது நம்ம வேலை இல்ல, கடதாசி கிடைக்காத மேசைக்கு முன்னால பக்கத்துல போய் நிக்கிறது நம்ம வேலை. அவருக்குத்தான் குரூப்ல நல்ல சிங்களமும் வரும், அதால பேர் குடுத்தாச்சு, கோவிச்சாலும் பரவாயில்ல.

பழகிடுவாங்க, சோம்பேறியாயிடுவாங்கங்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும். அந்த அம்மா விடியக்காலம் நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளுக்கு சமைச்சு வெச்சிட்டு, முகத்துவாரத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வர்றாங்க, நம்மள்ல பாதிப்பேர் அந்த நேரத்துக்கு புரண்டு படுக்கிறோம்.

எனக்கு விடை கிடைக்காத ஒண்ணு இருக்கு, அதையும் போட்டுடுறேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடும் இதே நிலைமைதான், அங்க நாலு பிள்ளை. நம்மகிட்ட மூணு குடும்பத்துக்குத்தான் காசு. மாசாமாசம் ஒரு வீட்டுக்கு மட்டும் வருதுன்னு தெரிஞ்சா குழாயடியில கதை வரும், அந்த அம்மாவுக்கே அது இடைஞ்சல். 15,000 பிரிச்சு ஆறு வீட்டுக்குக் குடுக்கலாம்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா, அப்படிச் செஞ்சா வாடகையும் தீராது கடனும் தீராது, ஆறு வீட்டுலயும் ரெண்டு கிழமையில கரைஞ்சு போயிடும், அதால அது வேணாம்ங்கிறேன். ஆனா கடதாசி வேலைக்கு மூணு வீடுதான்னு கணக்கு வைக்கத் தேவையில்ல, பிரதேச செயலகத்துக்குப் போறப்போ பக்கத்து வீட்டு ஃபைலையும் சேர்த்துக் கொண்டு போகலாம், அதுக்கு பஸ் காசு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வேற யோசனை இருந்தா சொல்லுங்க, தையல் மெஷின் தவிர.